பிந்தி விழும் கோடு

செவ்வூரணியில் ஆடி மாதம் போட்ட கோடு தை மாதம்தான் திரையில் விழும் என்பது எல்லாருக்கும் பழகிப்போய், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் முன்பே என் கடைக்கு வந்து கல்யாண பேனருக்குச் சொல்லிவைத்துப் போகிற வழக்கம் ஊருக்குள் வந்துவிட்டிருந்த காலத்தில், என் பெண்சாதி மங்கையர்க்கரசி வரைந்துகொண்டிருந்த நாற்காலியிலேயே செத்துப்போனாள். செத்த பிறகும் அவள் கை அரை வருஷம் வேலை பார்த்தது.

அந்தப் பலகையை வாங்கி வந்தது நான்தான். கோயம்புத்தூரில் கார்ட்டூன் படம் தயாரிக்கிற கம்பெனி ஒன்று நொடித்துப்போய்ச் சாமான்களை விற்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்று, பழைய இரும்பு எடுத்து, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டி, ஃப்ளெக்ஸ் அடிக்கிற மிஷின் வரைக்கும் வந்து சேர்ந்தவன் நான். விற்கிறவன் முதலில் சொல்கிற விலையைக் காதில் வாங்குவதே இல்லை. பேனாவை வைத்து இழுத்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழுகிற அந்தக் கறுப்புப் பலகையை எடுத்துக் காட்டியவன் யோக்கியமான ஆள். "சார், முன்னாடியே சொல்லிடறேனுங்க, இதுல கோடு ஒரு நொடி பிந்தித்தான் வரும்," என்றான். அந்த ஒரு நொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ரிப்பேர் சாமான், இதைக் குப்பையில் போடுவதற்கே நீ கூலி கொடுக்க வேண்டியிருக்கும், நான் எடுத்துப் போனால் உனக்கு இடமாவது காலியாகும் என்று பேசிப் பேசி, அவன் கண்ணில் தண்ணி வரும்வரைக்கும் இறக்கி, பலகையோடு ஒரு சுழல் நாற்காலியையும் சும்மா வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன்.

எங்கள் கடையில் படம் வரைகிறவள் மங்கை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் முகத்தைச் சரிசெய்வது அவள் வேலை. எங்கள் பக்கத்து ஆள்கள் உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுக்க மாட்டார்கள்; செத்த பிறகு ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதில் இருக்கிற பாதி மூடிய கண்ணைத் திறந்துவைப்பாள், உதட்டுக்கு ஒரு சிரிப்பு கொடுப்பாள், சட்டையே போட்டு அறியாத மனுஷனுக்குக் கஞ்சி போட்ட சட்டை மாட்டிவிடுவாள். மவுஸை வைத்துக்கொண்டு அதையெல்லாம் செய்து அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போனது என்றுதான் பலகைக்கு அலைந்தேன்.

முதல் வாரம் கோடு ஒரு நொடி பிந்தியது. அப்புறம் பேனாவை இழுத்துவிட்டு டீ குடித்து வந்தால் விழுந்திருக்கும். அப்புறம் காலையில் வரைந்தது சாயங்காலம் வந்தது, திங்கட்கிழமை வரைந்தது அடுத்த சந்தைக்கு வந்தது, பொங்கலுக்கு வரைந்தது சித்திரைத் திருவிழாவுக்கு வந்தது. கடைசியில் அரை வருஷத்தில் போய் நின்று, ஆடிக்குத் தை, ஆவணிக்கு மாசி என்று, ஒரு மணி நேரம் முந்தாமல் ஒரு மணி நேரம் பிந்தாமல், ரயில்வே கெடியாரம் மாதிரி ஓட ஆரம்பித்தது.

"விலையில நீங்க குறைச்சீக," என்றாள் மங்கை. "நேரத்துல அவன் கூட்டிக் குடுத்துட்டான். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. மானாமதுரையிலிருந்து ரூபனை வரச் சொன்னேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பையன்களிலே வாய் குறைவாகவும் கை அதிகமாகவும் உள்ளவன் அவன். ஒயரை மாற்றினான், ஒயர் சொருகுகிற ஓட்டையை மாற்றினான், பேனா முனையைப் பிடுங்கிப் புது முனை போட்டான், பலகையை ஓட்டுகிற டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினான், வரைகிற சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறொன்று ஏற்றினான், பலகையைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினான். எல்லா இடத்திலும் கோடு அரை வருஷம் கழித்துத்தான் வந்தது. கம்பெனிக்காரனுக்கு நானே போன் போட்டேன். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசிய ஒரு பொண்ணு, எவ்வளவு பிந்துகிறது என்று கேட்டாள். ஆறு மாசம் என்றேன். அவள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள் என்றாள். நான் பேசிய பேச்சில் அவள் தமிழ் கற்றிருப்பாள்.

ஆஃப் பண்ணிப் பார்த்ததில் தெரிந்தது ஒன்றுதான். கோடு அதனதன் நேரத்துக்கு வரும். அந்த நேரத்தில் திரை அணைந்திருந்தால், வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளிபோலப் போய்விடும். அப்புறம் வராது.

மங்கை இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. திரையைப் பார்க்காமல் பலகையை மட்டும் பார்த்து வரையப் பழகினாள். மாவு இல்லாத கையால் கோலம் போடுகிறவள்போல, ஒன்றுமே விழாத அந்தக் கறுப்பின்மேல் மூக்கும் புருவமும் காது மடலும் அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டே போவாள். அதே நேரம் அவள் தலைக்கு மேலே திரையில், அரை வருஷத்துக்கு முந்தின அவள் கை வேறு யாருக்கோ மூக்கும் புருவமும் வரைந்துகொண்டிருக்கும். இரண்டு மங்கையும் ஒரே கடையில் இருந்தார்கள். ஒருத்திக்கு நான் டீ வாங்கித் தந்தேன். இன்னொருத்தி வரைந்து முடித்ததை வெட்டி எடுத்து மிஷினில் அடித்துத் தந்தேன்.

ஊர் இதற்கு வளைந்துகொடுத்த விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரன் நம்ப மாட்டான். கல்யாணம் வைக்கிறவர்கள் மாப்பிள்ளை முகத்துக்கு மட்டும் இடம் விட்டு வரையச் சொன்னார்கள். கவுன்சிலர் மூன்று நிறத் துண்டில் மூன்று படம் வரையச் சொல்லிவிட்டுப் போனார், தை மாதத்தில் எந்தக் கட்சியில் இருப்போம் என்று அவருக்கே அப்போது தெரியாததால். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பூப்புனித பேனர் முன்கூட்டி வேண்டும் என்று வந்த ஒரு அம்மாவை மங்கை படியேறவிடாமல் திருப்பி அனுப்பினாள். கண்ணீர் அஞ்சலிக்குத்தான் கூட்டம். செத்த பிறகு சொன்னால் அரை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதால், வயதானவர்கள் தாங்களே குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசி நேரில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கொஞ்சம் முடி வை தாயி என்பார் ஒருத்தர். பொக்கை வாயோடயே போடு, இல்லாட்டி மேல போன மனுசனுக்கு என்னய அடையாளம் தெரியாது என்பாள் ஒருத்தி. படம் வந்து சேர்ந்த பிறகும் சாகாதவர்கள் அதை வீட்டில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் தாங்களே மாலை போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒருத்தரையும் மங்கை சாதாரணமாக வரைந்து அனுப்பியதில்லை. அவள் கை பட்டு அடித்த பேனரில் செத்தவன்கூட ஊரைவிட்டுப் போக மனமில்லாதவன்போலத்தான் இருப்பான்.

அந்தச் சமயத்தில் ரூபன் வழி கண்டுபிடித்துவிட்டான். புதிதாக ஒரு டிரைவர் வந்திருக்கிறது, அதை ஏற்றினால் கோடு உடனே விழும், ஆனால் வழியில் வந்துகொண்டிருக்கிற அத்தனையும் அழிந்துபோகும் என்றான். நான் ஏற்று என்றேன். மங்கை விடவில்லை. வழியில் இருப்பது ஊர் பூராவும் ஆளுக்கொரு முகம், அவர்களை நடுரோட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். நான் அரைநாள் சண்டை போட்டேன். நான் சந்தையில் தோற்றதில்லை, அவளிடம் ஜெயித்ததில்லை.

ஆவணியில் ஒரு நாள், சிவகாசியில் ஒரு பழைய மிஷினை விலை பேசிவிட்டுச் சாயங்காலம் வந்தேன். வெயிலுக்காக ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. அவள் மேஜைமேல் தலை சாய்த்திருந்தாள். டாக்டர், இதயம் நின்றுவிட்டது, ஒரு நொடியில் முடிந்திருக்கும், வலியே தெரிந்திருக்காது என்றார். பக்கத்து டீக்கடை காதர் பாய், குனிந்து பார்த்தப்போ தூங்குறாகன்னுதான் நினைச்சேன் என்று சொல்லிச் சொல்லி அழுதார். நல்ல சாவு, நல்ல சாவு என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும். இருபத்தைந்து பேரிடமாவது நான் அதைக் கேட்டேன்; அதை நம்பி ஒருத்தர் கையைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை.

மண் போட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில் கடையைத் திறந்து திரையைப் போட்டேன். மாசியில் வரைந்தது வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு கிழவருக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மயிராக. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி செய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. ஊர்க் காரியங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிற அம்பலம் சிங்காரம் ஆலமரத்தடியில் கூட்டம் போட்டார். வேலை பார்த்துக்கொண்டிருக்கிற கைக்கு எப்படிக் கருமாதி செய்வது என்று ஒரு கட்சி. கை வேறு ஆள் வேறு என்று ஒரு கட்சி. தீட்டு இருக்கிற வீட்டில் அடித்த பேனரைக் கோயில் வாசலில் கட்டலாமா என்று ஒருத்தன் கேட்டான்; அவ வரைஞ்சதுக்குத் தீட்டுன்னு சொல்றவன் வீட்டுப் படத்தை நான் குடுக்க மாட்டேன், போ என்றேன். வெகு நேரம் பேசிய பிறகு அம்பலம் சொன்னார். கடையில் மங்கை இருக்கிறாள், ஆகையால் கடைக்குத் தீட்டு இல்லை. வீட்டில் மங்கை இல்லை, ஆகையால் வீட்டுக்குத் தீட்டு உண்டு. கடைசிக் கோடு வந்து விழுந்த மறுநாள் கருமாதி. அதுவரைக்கும் வெள்ளைச்சாமி, அதாவது நான், வீட்டுக்குள் துக்கக்காரன், கடைக்குள் சம்சாரி.

நான் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரே அந்தத் திரைக்குக் காவல் இருந்தது. பகலில் கரண்ட் போனால் கோடு தவறிவிடும் என்று லாரி பேட்டரிகளாக வாங்கி அடுக்கினேன். விற்றவன் சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்தேன், அவன் பயந்து போய் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தான். லைன்மேன் ஊர் முழுக்க நிறுத்தினாலும் எங்கள் தெருவை மட்டும் விட்டுவைத்தார். பலகையையும் பேனாவையும் மஞ்சள் துணியில் சுற்றி யாரும் தொடாதபடிக்குக் கட்டிவைத்தேன். எந்த வீட்டுப் படம் வருகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்குச் சோறு கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு முறை வந்தது. அம்பலத்தின் அஞ்சலிப் படம் வந்த அன்று அவரே கறிக்குழம்பு கொண்டுவந்தார். பெண்கள் காய் நறுக்குவதைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னைக்கு மங்கை கை சுறுசுறுப்பா இருக்கு என்பாள் ஒருத்தி. இது வெள்ளைச்சாமி அண்ணனோட சண்டை போட்ட நாளு, கோட்டப் பாரு, அருவா கணக்கா என்பாள் இன்னொருத்தி. எனக்கும் தெரியும் எந்த நாள் என்று. நடுவில் கோடு நின்றால், இப்போது டீ குடிக்கிறாள் என்று தெரிந்து நானும் குடிப்பேன். அவள் ஒரு முகத்தை முடித்து இன்னொரு முகத்துக்குப் போகும்போது விடுகிற பெருமூச்சுகூட அந்த இடைவெளியில் எனக்குக் கேட்டது. அவள் போனதை நான் அந்த அரை வருஷமும் முழுசாக நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை, எல்லாம் மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆனால் மாசி வந்துவிட்டது. மாசி வந்தால் ஆவணியில் நடந்தது வரும் என்பது குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

என் கொழுந்தியாள் பஞ்சவர்ணம் அந்த நாளுக்கு முந்தின வாரம் பரமக்குடியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். மங்கையைவிடப் பத்து வயது சின்னவள். மங்கை தூக்கி வளர்த்தவள். ஆவணியில் அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பிள்ளைக்குக் காது குத்துவோம் என்று அப்போதே சொல்லியிருந்ததால், பிறக்காத பிள்ளைக்கு மங்கை காதணி பேனர் வரையத் தொடங்கியிருந்தாள். தங்கச்சியின் கன்னக்குழி, தங்கச்சி புருஷனின் அகலமான நெற்றி, இரண்டையும் சேர்த்தால் இப்படித்தான் வரும் என்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் படத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை வேறு எதற்கும் எடுத்ததில்லை. திரையில் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வர வர, பஞ்சவர்ணம் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு புருவம்கூட மாறவில்லை.

பஞ்சவர்ணம் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மச்சான், அந்த ஒரு நாளு மட்டும் திரைய அணைச்சுப்புடுங்க," என்றாள். "எங்கக்கா சாவுறத ரெண்டாவது தடவ பாக்கணுமா?"

"ரெண்டாவது தடவையா? நான் மொதத் தடவையே பாக்கலையே ஆத்தா."

அவள் அழுதாள். அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னாள். அக்கா வரைந்துகொண்டிருக்கும்போதே உயிர் போனது என்றால், பேனா அப்போது பிள்ளை முகத்தின்மேல்தான் இருந்திருக்கும். உயிர் போகிற கை சும்மா போகாது, கிழித்துக்கொண்டு போகும். பச்சைப்பிள்ளை முகத்தில் சாவு விழுந்தால் அவள் அந்தப் பிள்ளையை எப்படி வளர்ப்பாள். அவள் மாமியார் வீட்டில் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அணையுங்கள், இதுவரை வந்த முகம் போதும், அதை அடித்துக் கொடுங்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, ஆனால் அவள் மடியில் இருந்தது மங்கை வரைந்த முகம். அதை வைத்துக்கொண்டு கத்த முடியவில்லை. பேரம்தான் எனக்குத் தெரிந்தது, பேசினேன். வாழ்நாளில் நான் கீழே இறங்கிப் பேசிய ஒரே பேரம் அது. எல்லாரும் ஒரு நொடி, ஒரு நொடி என்கிறார்கள். அவளுக்கு வலித்ததா, யாரையாவது கூப்பிட்டாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அதைப் பார்த்த சாட்சி உலகத்தில் இந்தத் திரை ஒன்றுதான் என்றேன். ஓடட்டும் விடு, அவள் கோடு பிள்ளை முகத்தில் ஒரு மயிரளவு பட்டாலும் அந்தப் படத்தை நானே அழித்துவிடுகிறேன், இந்தப் பலகையை ஊரணியில் எறிந்துவிடுகிறேன், இந்தக் கடையையும் பூட்டிவிடுகிறேன் என்றேன். பஞ்சவர்ணம் வெகு நேரம் பிள்ளையின் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். சரி மச்சான் என்றாள்.

அந்த நாள் காலையில் ஊர் வேலைக்குப் போகவில்லை. காதர் பாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்பலம் வந்தார், லைன்மேன் வந்தார், பல் இல்லாத கிழவிகளும் தங்கள் அஞ்சலிப் படத்தைத் தாங்களே பார்த்துவிட்ட கிழவர்களும் வந்தார்கள். இடம் இல்லாதவர்கள் ரோட்டில் நின்றார்கள். ரூபன் ஒயர்களுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் நாற்காலியை யாரும் தொடவில்லை.

காலை முழுக்க முடி வரைந்தாள். பிள்ளைக்கு நெற்றியில் சுருண்டு விழுகிற முடி. நடுவில் டீ. உச்சி வெயில் ஏறி யாரோ ஷட்டரைப் பாதி இறக்கினபோது கன்னத்துக்கு வந்தாள். கன்னத்துக்கு அவள் எடுக்கிற தூரிகை மெத்தென்றது. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தால் மை ஊறிக்கொண்டே போகும், அதனால் பட்டும் படாமலும் தொட்டுத் தொட்டு எடுப்பாள். தொட்டாள், எடுத்தாள். தொட்டாள், எடுத்தாள். கன்னக்குழி வந்தது. தொட்டாள்.

எடுக்கவில்லை.

கன்னத்தின்மேல் அந்தப் புள்ளி நின்றது. பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். ரூபனின் கை ஸ்விட்சுக்குப் போனது, என்னைப் பார்த்தான், நான் அசையவில்லை. அப்புறம் பேனா எழும்பியது. மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவி எடுக்கிறவள்போல, கன்னக்குழி நிழலைத் தவிர வேறு சுவடு இல்லாமல் எழும்பிவிட்டது. கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

முடியவில்லை. படத்தின் கீழ் மூலையில், ஒன்றும் வரையாமல் விட்டிருந்த வெள்ளையில், எங்கள் கடையின் பேரும் போன் நம்பரும் போடுகிற இடத்தில், ஒரு கோடு பிறந்தது. நடுங்கிக்கொண்டு விரல் நீளத்துக்குப் போனது. நின்றது. அது ஒரு எழுத்தின் தொடக்கம் என்றார் அம்பலம். எழுத்து இல்லை, கோடுதான் என்றேன். அவள் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. கன்னத்தில் கை வைத்திருந்தபோது அவளுக்கு வந்திருக்கிறது; வந்தது இன்னதென்று தெரிந்திருக்கிறது; இருந்த கொஞ்ச பலத்தையும் கூட்டி, பேனாவை அந்த முகத்தைவிட்டுத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத படத்தில் பிள்ளை எங்கே முடிகிறது என்று கணக்குப் பார்த்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஒரு நொடியில் போகவில்லை அவள். நல்ல சாவு என்று சொன்னவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.

கோடு நின்ற இடத்தில் புள்ளி கறுக்கத் தொடங்கியது. அவள் கையின் பாரம் பேனாமேல் இருந்தது. மை ஊறியது. கடுகாக இருந்தது மிளகாகி, மிளகு புளியங்கொட்டையாகி, மெதுவாக, சத்தமில்லாமல், கறுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உச்சி வெயிலில் அவள் போனாள். நான் வந்தது சாயங்காலம். நடுவில் இருந்த அந்த மத்தியானம் முழுக்க அவள் ஷட்டர் பாதி இறக்கிய கடையில், பேனாவைப் பிடித்தபடி, ஒருத்தரும் இல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த மத்தியானம்தான் இப்போது வந்துகொண்டிருந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. காதர் பாய் மட்டும் எழுந்து போய், பாதி இறங்கியிருந்த ஷட்டரை மேலே வரைக்கும் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெண்கள் ஒப்பாரி வைக்கவில்லை. பிள்ளை அழுதால் பஞ்சவர்ணம் பால் கொடுத்தாள். ஒரு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருப்போமோ அப்படி ஊர் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவளோடு இருக்காதவர்கள் எல்லாரும் இன்றைக்கு இருந்தோம். வெயில் வாசலிலிருந்து மேஜைக்கு வந்தது, மேஜையிலிருந்து நாற்காலிக்கு வந்தது, நாற்காலியிலிருந்து சுவருக்கு ஏறியது. புள்ளி ஒரு ரூபாய்க் காசளவு ஆகியிருந்தது. நான் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி சூடாக இருந்தது.

சாயங்காலம், என் கைக்கு அடியிலிருந்து ஒரு கோடு கிளம்பியது.

வேகமாக, தடிமனாக, மூலையிலிருந்து மேலே ஏறி, பிள்ளையின் தோளைத் தாண்டி, மங்கை அத்தனை பாடுபட்டு விட்டுவைத்த அந்தக் கன்னத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, நெற்றி வழியாக வெளியே போனது. பஞ்சவர்ணம் எழுந்துவிட்டாள்.

எனக்கு அந்தக் கோடு தெரியும். அது அவள் கோடு இல்லை. அவளுக்கு அப்படி வரையவே வராது. ஆவணியில் அன்றைக்குச் சாயங்காலம் நான் உள்ளே வந்தேன். ஏய் மங்கை, என்ன தூக்கம், மிஷினை முடிச்சாச்சுடி என்றேன். அவள் எழுந்திருக்காததால் கோபத்தில் அவள் விரலிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. விறைத்துப்போயிருந்தது. நான் இழுத்தேன். பேனா பலகைமேல் இழுபட்டுக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திரையில் அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

"அது நான்," என்றேன். பேரம் பேரம்தான். ரூபனைப் பார்த்து, அழித்துவிடு, எல்லாத்தையும் அழித்துவிடு என்றேன்.

ரூபன் பிள்ளையின் முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தை அழிக்க வேண்டாம் அண்ணே, இந்தக் கோட்டை மட்டும் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறேன், இருந்த இடமே தெரியாது என்றான். மவுஸின்மேல் அவன் கை போனது.

பஞ்சவர்ணம் குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி," என்றாள். "ரெண்டு பேரு கையும் சேந்து போட்டது இது ஒண்ணுதான் இருக்கு."

மறுநாள் காலையில் ஊரணிப் படித்துறையில் கருமாதி செய்தோம். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பிள்ளைக்குக் காது குத்தினார்கள்; கோயில் வாசலில் அந்த பேனரைக் கோட்டோடுதான் கட்டினார்கள். பஞ்சவர்ணத்தின் மாமியார் வீட்டு ஆள்கள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, பச்சைப்பிள்ளைக்குக் கன்னத்தில் அது என்ன என்று கேட்டார்கள்.

"பெரியப்பா கை பட்டுருச்சு," என்று பஞ்சவர்ணம் சொன்னாள்.